முப்பதாயிரம் அடிக்கு மேலே எதை எடுப்பது? தண்டர்போல்ட், மஸ்டாங், ஸ்பிட்ஃபயர் 9, டா 152 ஒப்பீடு

சிமுலேட்டரில் இரண்டாம் உலகப் போர் விமானங்களைப் பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகவோ அவற்றைத் தாக்கவோ 30,000 அடிக்குப் போக வேண்டும். ஒரு விமானத்தைத்தான் ஊன்றிப் பழக நேரம் இருக்கிறது. எதை எடுக்கலாம்?

கேட்டவுடன் பெரும்பாலும் யாராவது உச்ச வேகப் பட்டியலை எடுத்து நீட்டுவார்கள். அதில் ஜெர்மனியின் டா 152 முதலிடத்தில் இருக்கும். அதை நம்பி எடுத்தவர் 12,000 அடியில் நடக்கிற சண்டையில் மாட்டிக்கொண்டு விழிப்பார். உச்ச வேகம் எந்த உயரத்தில் கிடைத்தது, அங்கே எஞ்சினுக்குக் காற்று எப்படிப் போய்ச் சேர்ந்தது, அந்தக் காற்றுக்காக விமானம் எதை விட்டுக்கொடுத்தது என்று பார்க்காமல் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது.

## எதை வைத்து அளப்பது

கடல் மட்டத்தில் 1,013 மில்லிபார் இருக்கும் காற்றழுத்தம் 30,000 அடியில் (9,144 மீட்டர்) 301 ஆகக் குறைந்துவிடும். அடர்த்தி 37 சதவீதம்தான் மிஞ்சும். வெளியே மைனஸ் 44 டிகிரி. 40,000 அடியில் அடர்த்தி கால்வாசி. இனி வரும் எல்லாச் சிக்கலும் இந்த எண்களிலிருந்துதான் கிளம்புகிறது.

எஞ்சினின் மூச்சு. மேலே காற்று குறையக் குறைய, அதை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்க ஒரு சூப்பர்சார்ஜர் வேண்டும். எந்த உயரம் வரை அது முழு அழுத்தத்தைக் கொடுக்கிறதோ அதுதான் கிரிட்டிக்கல் ஆல்டிட்யூட். அதைத் தாண்டினால் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் பலம் வழிந்துகொண்டே போகும். சூப்பர்சார்ஜரைச் சுற்ற இரண்டு வழி உண்டு. ஒன்று, எஞ்சினிலிருந்தே கியர் போட்டுச் சுற்றுவது. இதில் நூற்றுக்கணக்கான குதிரைத்திறன் அங்கேயே செலவாகிவிடும். மற்றது, புகைபோக்கி வழியே வீணாகப் போகும் சூடான வாயுவால் சுற்றுவது. இன்றைய டீசல் கார்களில் இருக்கும் டர்போதான் அது. எந்த வழியானாலும் காற்றை அமுக்கினால் சூடாகும். 30,000 அடியின் காற்றை மெர்லின் எஞ்சினுக்கு (மஸ்டாங், ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் இருப்பது) வேண்டிய அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் அதன் சூடு 200 டிகிரி செல்சியஸை நெருங்கும். அப்படியே உள்ளே விட்டால் சிலிண்டரில் எரிபொருள் கண்டபடி வெடித்துப் பிஸ்டன் ஓட்டையாகும். ஆகவே நடுவில் ஓர் இன்டர்கூலர். அதற்கும் எடை, அதற்கும் இடம், அதற்கும் காற்றுத் தடை.

இறக்கையின் மூச்சு. இதைத்தான் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். 30,000 அடியில் உண்மை வேகம் 650 கிலோமீட்டராக இருக்கும்போது வேகமானி 400 சொச்சம்தான் காட்டும். இறக்கைக்குத் தெரிவது அந்த 400 மட்டுமே. உச்ச வேகத்தில் பறந்துகொண்டிருந்தாலும் கொஞ்சம் இறுக்கித் திருப்பினால் விமானம் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, கவிழ்வது இதனால்தான். ஒரு சதுர மீட்டர் இறக்கை எத்தனை கிலோவைச் சுமக்கிறது என்ற கணக்கு கீழே இருப்பதைவிட மேலே பல மடங்கு முக்கியம்.

டைவ். குளிரில் ஒலியின் வேகம் குறைகிறது. கடல் மட்டத்தில் மணிக்கு 1,225 கிலோமீட்டர் என்றால் 30,000 அடியில் 1,091. மூக்கைக் கீழே தள்ளிய சில விநாடிகளில் விமானம் தன் மாக் எல்லையை, அதாவது ஒலி வேகத்தில் எத்தனை பங்கு வரை கட்டுப்பாட்டில் இருக்குமோ அந்த வரம்பை, தொட்டுவிடும்.

உள்ளே இருக்கும் ஆள். அழுத்தம் ஏற்றாத காக்பிட்டில், முகமூடியில் நூறு சதவீத ஆக்சிஜன் வைத்தாலும் 40,000 அடி என்பது விளிம்பு. சிமுலேட்டரில் குளிரின் வலி தெரியாது. கண்ணாடியில் படியும் பனியும் ஆக்சிஜன் குழாயும் தெரியும்.

மறைமுகச் செலவு. ஏறப் பிடிக்கும் நேரம், எரிபொருள், ஒற்றைத் தோட்டாவில் செயலிழக்கும் பாகம், கைக்கு எத்தனை லீவர் என்பதெல்லாம் இதில் சேர்த்தி.

## பி-47 தண்டர்போல்ட்: டர்போவைச் சுற்றிக் கட்டிய விமானம்

அலெக்சாண்டர் கார்ட்வேலி இதை வடிவமைத்த விதத்தைப் புரிந்துகொள்ள, எஞ்சினில் தொடங்கக் கூடாது, வாலுக்குப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். டர்போ அங்கேதான் இருக்கிறது, எஞ்சினுக்கு இருபது அடிக்கும் அதிகமான தூரத்தில். முன்னால் 18 சிலிண்டர், 46 லிட்டர் கொள்ளளவுள்ள பிராட் அண்ட் விட்னி ஆர்-2800. அதன் புகை, அடிவயிற்றின் இருபுறமும் ஓடும் குழாய்களில் பின்னால் போய் டர்பைனைச் சுற்றுகிறது. மூக்குக்குக் கீழே நுழையும் வெளிக்காற்று வயிற்றின் நடுவே பின்னால் போகிறது. அங்கே அமுக்கப்பட்டு, இன்டர்கூலரில் ஆறி, பைலட்டின் இரு பக்கமும் போகும் குழாய்களில் மறுபடி முன்னால் வந்து கார்புரேட்டருக்குள் நுழைகிறது. விமானத்தின் தொந்திக்குக் காரணம் இந்தக் குழாய் வலைதான். வயிற்றைத் தேய்த்துத் தரையிறங்க நேர்ந்தால் முதலில் நசுங்குவதும் அதுவே. பல பைலட்டுகளின் முதுகெலும்பு தப்பியது அந்தக் குழாய்களால்.

ஒரு தேவை அடுத்த தேவையை எப்படி இழுத்துவந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. 2,000 குதிரைத்திறனை மெல்லிய காற்றில் செலவழிக்க 12 அடி 2 அங்குல விட்டமுள்ள நான்கு இலை ப்ரொப்பெல்லர் தேவைப்பட்டது. அது தரையில் இடிக்காமலிருக்க நீண்ட கால்கள் வேண்டும். ஆனால் இறக்கைக்கு நான்காக எட்டு 0.50 அங்குலத் துப்பாக்கிகள் வெளிப்பக்கத்தை அடைத்துக்கொண்டதால் நீண்ட கால்களை மடக்கி வைக்க இடமில்லை. ஆகவே மடங்கும்போது 9 அங்குலம் தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளும் கால்கள். எல்லாம் சேர்ந்து, சண்டைக்குக் கிளம்பும்போது 6,600 கிலோ. ஸ்பிட்ஃபயர் 9 போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அந்த எடைக்கு என்ன கிடைக்கிறது? 27,000 முதல் 30,000 அடி வரை எஞ்சின் தன் முழுப் பலத்தை இழப்பதில்லை. பி-47டி 30,000 அடியில் மணிக்கு சுமார் 690 கிலோமீட்டர் ஓடும். போரின் கடைசியில் வந்த பி-47எம் 32,000 அடியில் 760 தொட்டது. கீழே அசைந்து அசைந்து போகும் இந்த விமானம் 25,000 அடியைத் தாண்டியதும் வேறு ஆளாகிவிடும்.

பழகும்போது தவறு நடப்பது லீவர்களில். த்ராட்டில், டர்போ (பூஸ்ட்), ஆர்பிஎம் என மூன்று. பலம் ஏற்றும்போது ஆர்பிஎம் முதலில், பிறகு த்ராட்டில், கடைசியில் பூஸ்ட். குறைக்கும்போது அப்படியே தலைகீழ்: பூஸ்ட், த்ராட்டில், ஆர்பிஎம். த்ராட்டிலைப் பாதியில் வைத்துக்கொண்டு பூஸ்ட்டைத் தள்ளினால், டர்போ அமுக்கிக் கொடுத்த காற்றை வழியிலேயே நீங்கள் தடுக்கிறீர்கள். காற்று வீணாகச் சூடாவதுதான் மிச்சம். குழாய் நீளமாக இருப்பதால் டர்போ தாமதித்துத்தான் பதில் சொல்லும். ‘இன்னும் வரவில்லையே’ என்று மேலும் தள்ளினால் திடீரென்று அழுத்தம் எகிறும். சி-1 வகை டர்போவுக்கு நிமிடத்துக்கு 18,250 சுற்று எல்லை. உயரம் கூடக்கூட வெளியழுத்தம் குறைவதால் அது தானாகவே அந்த எல்லையை நோக்கி ஓடும். 30,000 அடிக்கு மேல் ஏறும்போது எச்சரிக்கை விளக்கைப் பார்த்துப் பூஸ்ட்டைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். இன்டர்கூலர் கதவுகளை மூடிவைத்துவிட்டு எஞ்சின் ஏன் தட்டுகிறது என்று தேடுவது இன்னொரு வழக்கமான பிழை.

உயரத்துக்கே உரிய கோளாறு ஒன்று முதல் வண்டிகளில் இருந்தது. மெல்லிய காற்று மின்சாரத்தைத் தடுத்து வைக்காது. ஸ்பார்க் ஒயர்களிலிருந்து பொறி வெளியே தாவி எஞ்சின் இருமியது, வானொலியிலும் இரைச்சல். ஒயர்க் குழாய்களுக்குள் காற்றழுத்தம் ஏற்றி அதைச் சரிசெய்தார்கள்.

விலை. ஏற்றம் சோம்பேறித்தனமானது. 1944 தொடக்கத்தில் அகன்ற இலை ப்ரொப்பெல்லர் வந்து நிமிடத்துக்கு 400 அடி கூட்டிய பிறகும் 20,000 அடிக்கு 9 நிமிடம் ஆகும். முழுப் பலத்தில் மணிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் குடிக்கும். உள்ளே கொள்வதோ 1,155 லிட்டர், டி-25க்குப் பிறகு 1,400. 1943 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் மீது போன பி-17 குண்டுவீச்சு விமானங்களில் 60 திரும்பவில்லை. காவலுக்குப் போன தண்டர்போல்ட்கள் எரிபொருள் தீர்ந்து ஜெர்மன் எல்லைப் பக்கமே திரும்பியிருந்தன. அத்தனை உயரத்தில் அத்தனை வல்லமை இருந்தும், சண்டை நடக்கும் ஊருக்குப் போய்ச் சேர முடியவில்லை.

டைவ் இதன் ஆயுதம், எமனும் அதுதான். செங்குத்தாக விழுந்தால் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) கல்லாகிவிடும். அப்போது ட்ரிம்மை (எலிவேட்டரை ஒரு நிலையில் நிறுத்தி வைக்கும் சக்கரம்) பின்னுக்குச் சுழற்றத் தோன்றும். கூடாது. 15,000 அடிக்குக் கீழே காற்று அடர்ந்து சூடானதும் எலிவேட்டர் தானாகப் பிடிக்கும். அந்த நேரத்தில் ட்ரிம்மும் சேர்ந்து பிடித்தால் இறக்கை கழன்றுவிடும். டி-30 முதல் இறக்கைக்குக் கீழே டைவ் மீட்புத் தகடுகள் வந்தன. சிமுலேட்டரில் வகையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அதை எடுங்கள்.

எடுக்க ஏற்ற இடம்: குழுவாகப் பறந்து, 28,000 அடியில் காத்திருந்து, விழுந்து அடித்து மேலே ஏறிவிடும் ஒழுக்கம் உள்ளவர்களுக்கு. ஆர்-2800 காற்றால் குளிர்வது. சிலிண்டர் ஒன்று சிதறினாலும் வீடு வந்து சேரும்.

## பி-51 மஸ்டாங்: அதே மூச்சு, பாதிப் பெட்டிக்குள்

ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் 61இன் இரட்டைக் கட்ட சூப்பர்சார்ஜர் முதலில் வெலிங்டன் உயர்வானக் குண்டுவீச்சு விமானத்துக்காகத் திட்டமிடப்பட்டது. ஒரே அச்சில் இரண்டு காற்றாடிகள், இரண்டு கியர், பின்னால் திரவத்தால் குளிரும் சிறு இன்டர்கூலர். எஞ்சின் சில அங்குலம்தான் நீண்டது. தண்டர்போல்ட்டின் அடிவயிறு முழுக்க அடைத்துக்கொண்ட வேலையை மெர்லின் தன் முதுகிலேயே முடித்துக்கொண்டது. அதற்குப் பதிலாக எஞ்சினின் சொந்தப் பலத்தைச் சூப்பர்சார்ஜர் தின்றது.

மஸ்டாங்கில் வகை தெரியாமல் எடுப்பவர்கள் ஏமாறுவார்கள். பி-51பியின் வி-1650-3 எஞ்சினில் சூப்பர்சார்ஜர் கியர் 6.391, 8.095. டியில் பெரும்பாலும் வரும் வி-1650-7இல் 5.802, 7.349. வேகமாகச் சுற்றும் -3 உயரத்துக்கு. மெதுவாகச் சுற்றும் -7 நடு உயரத்துக்கு. பி 30,000 அடியில் 708 கிலோமீட்டர் ஓடும். டிக்கு உச்சம் 703, ஆனால் அது 25,000 அடியில். குமிழ்க் கூரைக்காக டியை எடுத்தவர், 30,000 அடியில் அதன் மூச்சு ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருக்கும் என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

லீவர் தொல்லை இல்லை. சுமார் 15,000 முதல் 19,000 அடிக்குள் காற்றழுத்தத்தைப் பார்த்துக் கியர் தானே மாறும். மாறும்போது ஒரு குலுக்கு. அந்த எல்லையில் சண்டை போடும்போது அழுத்தமானியில் கண் வையுங்கள், முன்பின் மாறி மாறித் துள்ளும்.

இதன் உண்மையான சூட்சுமம் எரிபொருளில் இருக்கிறது. இறக்கைகளில் 184 அமெரிக்க கேலன், பைலட்டுக்குப் பின்னால் 85, ஆக 1,018 லிட்டர் உள்ளேயே. நிதானமான ஓட்டத்தில் தண்டர்போல்ட்டைவிட மிகக் குறைவாகவே குடிக்கும். வெளித் தொட்டிகளுடன் பெர்லின் போய்த் திரும்பியது இதனால்தான். ஆனால் அந்தப் பின் தொட்டி நிறைந்திருக்கும்போது எடை மையம் வாலை நோக்கிப் போய்விடும். திருப்பத்தில் ஸ்டிக்கை இழுத்தால் அது மேலும் தன்னை நோக்கி ஓடிவரும், நீங்கள்தான் முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டும். காற்று மெல்லியதாக இருக்கும் உயரத்தில் இது சுழன்று விழுவதில் முடியும்.

ஆகவே வரிசை முக்கியம். இடது இறக்கைத் தொட்டியில் கிளம்புங்கள், ஏனென்றால் கார்புரேட்டரிலிருந்து திரும்பும் எரிபொருள் அங்கேதான் வந்து சேரும். இடம் இல்லாவிட்டால் வெளியே வழிந்து வீணாகும். ஏறும்போதே பின் தொட்டிக்கு மாறி அதை 30 கேலன் வரை இறக்கிவிடுங்கள். அதற்குப் பிறகுதான் வெளித் தொட்டிகள். ‘பின் தொட்டி பத்திரமாகக் கடைசிக்கு இருக்கட்டும்’ என்று நினைப்பது இயல்பு, அப்படி நினைத்தவர்தான் முதல் திருப்பத்திலேயே கவிழ்வார்.

விலை. வயிற்றில் இருக்கும் ரேடியேட்டர். அதில் ஒரு தோட்டா போதும்; குளிர்நீர் ஒழுகிச் சில நிமிடங்களில் எஞ்சின் இறுகும். குண்டுவீச்சு விமானங்களை எதிர்த்துப் போகிறவருக்கு, அவற்றின் பின்துப்பாக்கிகளுக்கு நேராகப் போய் நிற்க இது ஏற்றதல்ல. காவலுக்குப் போகிறவருக்கோ இதைவிட மலிவானது இல்லை. அமெரிக்க அரசு 1944இல் கொடுத்த விலையே ஏறக்குறைய 51,500 டாலர். தண்டர்போல்ட்டுக்கு 85,500, லைட்னிங்குக்கு 97,000.

## ஸ்பிட்ஃபயர் 9: ஏறுவதில் அரசன், இருப்பதில் ஏழை

மஸ்டாங்கின் அதே மெர்லின் குடும்பம், 3,400 கிலோ உடலில். ஒரு சதுர மீட்டர் இறக்கை சுமப்பது 151 கிலோதான். 20,000 அடிக்கு ஆறு நிமிடம் சொச்சம். மேலே இறுக்கித் திருப்பிப் பிழைக்கக்கூடியது இந்த நான்கில் இதுதான். மெல்லிய இறக்கை என்பதால் டைவிலும் பயமில்லை. 1944இல் ஃபார்ன்பரோவில் நடந்த சோதனைகளில் இதே குடும்பத்தின் 11ஆம் வகை மாக் 0.89 தொட்டது.

இங்கேயும் வகையைப் பார்க்க வேண்டும். மெர்லின் 66 பொருத்திய எல்எஃப் (குறைந்த உயரத்துக்கான வகை) 21,000 அடியில் உச்சம் தொட்டுவிடும். மெர்லின் 70 உள்ள எச்எஃப் (அதிக உயரத்துக்கான வகை) 27,500 அடியில் 669 கிலோமீட்டர். எல்எஃப் நாலாயிரம் கட்டப்பட்டது, எச்எஃப் நானூறு சொச்சம்தான். உயரம் உயரம் என்று பேசினாலும், பிரான்ஸ் வானத்தில் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190உடன் நடந்த சண்டை பெரும்பாலும் கீழேதான் இருந்தது என்பதை அந்த உற்பத்திக் கணக்கு சொல்கிறது.

உண்மையான உயரத்தில் என்ன ஆகும் என்பதற்கு 1942 செப்டம்பர் 12ஐப் பாருங்கள். அழுத்தம் ஏற்றிய காக்பிட்டுடன் ஜெர்மனியின் யுங்கர்ஸ் 86 ஆர் ஒன்று தெற்கு இங்கிலாந்துக்கு மேலே வந்தது. அதைப் பிடிக்க பிரிட்டிஷ் விமானப்படை பைலட் இமானுவேல் கலிட்சின் ஏறிய ஸ்பிட்ஃபயர் 9, கவசம், இயந்திரத் துப்பாக்கிகள் எல்லாம் கழற்றி இளைக்க வைத்தது. இரண்டு 20 மிமீ பீரங்கிகள் மட்டும் மிச்சம். சௌதாம்ப்டனுக்கு மேலே 43,000 அடியளவில் எதிரிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தார். விசையை அழுத்தினால் இடது பீரங்கி குளிரில் உறைந்து கிடந்தது. வலது மட்டும் சுட்டது. ஒருபக்க உதைப்பில் விமானம் திரும்பி, எதிரி விட்டுச்சென்ற வெண்புகைக் கோட்டுக்குள் விழுந்தது. கண்ணாடி முழுக்கப் பனி. மறுபடி ஏறிப் போய்ச் சுடும்போதெல்லாம் இதே கதை. யுங்கர்ஸ் தப்பிவிட்டது. அந்தப் போரிலேயே மிக உயரத்தில் நடந்த சண்டை என்று சொல்லப்படுவது இதுதான். எஞ்சினும் இறக்கையும் போய்ச் சேர்ந்த இடத்தில் துப்பாக்கியும் கண்ணாடியும் கைவிட்டன.

விலை. 85 இம்பீரியல் கேலன், அதாவது 386 லிட்டர். முழு வேகத்தில் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. தன் ஊருக்கு மேலே வருபவரைத் தடுக்க மட்டும் என்றால் யோசிக்காமல் எடுக்கலாம். காவலாக 400 கிலோமீட்டர் போய் அங்கே சண்டையும் போட்டுத் திரும்பவேண்டும் என்றால் வேண்டாம்.

## டா 152 எச்: மேலே மட்டும்

ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் 1944இல் செய்தது, மற்ற மூவரும் செய்யாதது: எஞ்சினோடு இறக்கையையும் உயரத்துக்காகவே நீட்டினார். 14.44 மீட்டர் அகலம், 23.3 சதுர மீட்டர் பரப்பு. கிளைடர் போன்ற அந்த ஒல்லி நீளம், மெல்லிய காற்றில் தூக்கிப் பிடிக்க ஆகும் இழுவையைக் குறைக்கும். மஸ்டாங்குக்கு ஏறக்குறைய அதே இறக்கைச் சுமை இருந்தும் 40,000 அடியில் இது நிதானமாகத் திரும்பும், மஸ்டாங் தள்ளாடும்.

யூமோ 213 ஈ எஞ்சினில் இரண்டு கட்டம், மூன்று வேகச் சூப்பர்சார்ஜர். அதற்கும் மேலே, எஞ்சினுக்குள் பீய்ச்ச இரண்டு திரவங்கள். கீழேயும் நடுவிலும் எம்டபிள்யூ-50, அதாவது பாதி மெத்தனால், பாதி தண்ணீர். இது காற்றைக் குளிர்வித்துக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்க வைக்கும். உயரத்தில் ஜிஎம்-1, திரவ நைட்ரஸ் ஆக்சைடு. காற்றே இல்லாத இடத்தில் எஞ்சினுக்கு ஆக்சிஜனைச் சுமந்துபோய்க் கொடுப்பது. இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் பிழை. கிரிட்டிக்கல் ஆல்டிட்யூட்டைத் தாண்டிய பிறகு எம்டபிள்யூ-50 பெரிதாக உதவாது, ஏனென்றால் அங்கே திணிக்கக் கூடுதல் காற்றே இல்லை. ஜிஎம்-1ஐக் கீழே திறந்தால் எஞ்சின் கெடும். 85 லிட்டர் தொட்டி, விநாடிக்கு 100 கிராம் வீதம் விட்டால், கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். 12,500 மீட்டரில் 750 கிலோமீட்டர் என்று பட்டியலில் நீங்கள் பார்க்கும் எண் அந்தக் கால் மணி நேரத்துக்கு மட்டும் உரியது.

காக்பிட் அழுத்தம் ஏற்றியது. எவ்வளவு மேலே போனாலும் உள்ளே 8,000 மீட்டருக்குச் சமமான அழுத்தம் இருக்கும். கூரையின் விளிம்பைச் சுற்றிக் காற்றடைத்த ரப்பர் குழாய், இரட்டைக் கண்ணாடி, நடுவில் ஈரத்தை உறிஞ்சச் சிலிக்கா ஜெல். கலிட்சினின் கண்ணாடியில் படிந்த பனிக்கு இவர்களிடம் பதில் இருந்தது. ஆக்சிஜன் முகமூடி அப்போதும் தேவை.

விலை. நீண்ட இறக்கை உருள மறுக்கும். கீழே அது சுமைதான். நிஜத்தில் கட்டியவை நூற்றுக்கும் குறைவு. 1945இல் ஜெர்மன் விமானப்படையின் ஜேஜி 301 படைப்பிரிவிடம் வந்தபோது எரிபொருளும் இல்லை, மேலே ஏற அவகாசமும் இல்லை. ஏப்ரல் 14 அன்று ஜெர்மனியின் லுட்விக்ஸ்லுஸ்ட் பக்கம் பிரிட்டிஷ் டெம்பெஸ்ட் விமானங்களுடன் நடந்த சண்டை மரங்களுக்குச் சற்றே மேலே. பதினாலாயிரம் மீட்டருக்குச் செய்த இறக்கை அங்கே புல் மேய்ந்தது. (டாங்க் பிறகு பெங்களூருக்கு வந்து எச்ஏஎல்லுக்காக மாருத் ஜெட்டை வடிவமைத்தார். அது 1961 ஜூன் 17இல் முதலில் பறந்தது.)

## எண்கள் ஒரே பார்வையில்

| விமானம் | உச்ச வேகம் (கிமீ/மணி) | எந்த உயரத்தில் | போர் எடை (கிலோ) | இறக்கைச் சுமை (கிலோ/ச.மீ.) | உள் எரிபொருள் (லிட்டர்) |
|---|---|---|---|---|---|
| பி-47டி | 690 | 30,000 அடி | 6,600 | 237 | 1,155–1,400 |
| பி-51டி | 703 | 25,000 அடி | 4,600 | 210 | 1,018 |
| ஸ்பிட்ஃபயர் எச்எஃப் 9 | 669 | 27,500 அடி | 3,400 | 151 | 386 |
| டா 152 எச்-1 | 750 (ஜிஎம்-1 உடன்) | 41,000 அடி | 4,750 | 204 | சுமார் 1,000 |

## பட்டியலில் ஏன் இவை இல்லை

பி-38 லைட்னிங்கைப் பலர் கேட்பார்கள். டர்போ இரண்டு, எஞ்சின் இரண்டு, தத்துவப்படி உயரத்துக்கே பிறந்தது. ஆனால் மாக் 0.68இலேயே வால் நடுங்கத் தொடங்கும். 30,000 அடியில் அது மணிக்கு 742 கிலோமீட்டர். நேராகப் பறக்கும்போதே 660 போகிற விமானத்துக்கு டைவ் செய்ய மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கழித்துப் பாருங்கள். எதிரி மூக்கைக் கீழே தள்ளினால் தப்பித்துவிடுவான். எஞ்சின்கள் இரு பக்கமும் இருந்ததால் காக்பிட்டுக்கு வெப்பம் போதவில்லை. 1943-44 குளிர்காலத்தில் ஐரோப்பாவில் பைலட்டுகளின் கால்கள் மரத்துப்போயின. டர்போவைக் கட்டுப்படுத்தும் கருவிகளும் உறைந்தன. பசிபிக்கின் வெப்பத்தில், குறைந்த உயரத்தில் இதே விமானம் கொடிகட்டிப் பறந்தது. ஜே-25 முதல் டைவ் தகடுகள் வந்துவிட்டன என்பதால் அந்த வகை மட்டும் தேறும்.

மிக்-3 இன்னொரு பாடம். 7,800 மீட்டரில் 640 கிலோமீட்டர் ஓடிய சோவியத் விமானம். கிழக்குப் போர்முனையில் சண்டை பெரும்பாலும் 5,000 மீட்டருக்குக் கீழே நடந்தது, அங்கே அது எடை கூடிய சுமைதான். 1941 கடைசியில் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள்; அதன் எஞ்சின் தொழிற்சாலை இல்யுஷின் 2க்குத் தேவைப்பட்டது.

## சரி, எதை எடுப்பது

முதலில் உங்கள் சர்வரில் சண்டை எந்த உயரத்தில் நடக்கிறது என்று ஒரு வாரம் பாருங்கள். 15,000 அடிக்குக் கீழே என்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. எல்எஃப் ஸ்பிட்ஃபயர் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட தூரக் காவல் என்றால் மஸ்டாங் தவிர வேறில்லை. அதிலும் பெரும்பகுதி நேரம் 28,000 அடிக்கு மேல் இருக்கப்போகிறீர்கள் என்றால் -3 எஞ்சின் உள்ள பி. பின்னால் பார்க்கக் கஷ்டம்தான். மால்கம் கூரை (வெளியே புடைத்த கண்ணாடிக் கூரை) பொருத்திய வகை கிடைத்தால் அந்தக் குறையும் பாதி தீரும்.

குறுகிய தூரத்தில், குழுவோடு, குண்டுவீச்சு விமானங்களின் துப்பாக்கிகளுக்கு முன்னால் போக வேண்டியிருந்தால் தண்டர்போல்ட். தனியாகப் பறக்கிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். உயரத்தை இழந்தபின் திரும்பப் பெற அது கேட்கும் நிமிடங்களில் உங்களைக் காக்க இன்னொருவர் வேண்டும். சண்டை முடிந்து தரைத் தாக்குதலுக்கும் அதே விமானம் வேண்டும் என்பவர்களுக்கு இது இரட்டை லாபம். பிரிட்டிஷ் விமானப்படை பர்மா போர்முனைக்கு இதை வாங்கியபோது 30,000 அடி பக்கமே போகவில்லை, காட்டுக்கு மேலே குண்டு சுமக்கத்தான் வைத்துக்கொண்டது.

மேலே வருகிற ஒற்றை உளவு விமானத்தைப் பிடிக்க எச்எஃப் ஸ்பிட்ஃபயர். 38,000 அடிக்கு மேல் என்றால் டா 152. எதிரி உங்கள் உயரத்துக்கு வந்து சேர்ந்த பிறகு ஜிஎம்-1ஐத் திறங்கள். ஏறும்போதே திறந்து தீர்த்துவிட்டால், மேலே போய்ச் சேரும்போது உங்களிடம் இருப்பது நீண்ட இறக்கை உள்ள சாதாரண விமானம்.